ஆட்டக்காரரின் பெயர் யாருடையது: யானைக்கவுனி வட்டாரத்தில் விளையாட்டும் கூலியும்

வடசென்னையில் விளையாடிப் பேர் வாங்கியவர்களுக்கு அந்தப் பேருக்கான பணம் நேராகக் கைக்கு வந்தது குறைவு. டிக்கெட் வசூலில் ஒரு பங்காக வந்தது. ரயில்வேயிலோ துறைமுகத்திலோ உத்தியோகமாக வந்தது. பின்னாளில் கல்லூரியில் இலவச சீட்டாகவும் விடுதிச் சாப்பாடாகவும் வந்தது. மாணவர் ஒருவரின் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டு அதற்கென்று தனியாகக் காசு கொடுக்கும் ஏற்பாடு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியக் கல்லூரிகளில் அதற்கென்று இன்னும் விதி எதுவும் இல்லை. ஆனால் விளையாட்டுக்குக் கூலி, அந்தக் கூலிக்குக் கட்டுப்பாடு என்ற இரண்டுக்கும் இந்த ஊரில் நீண்ட பழக்கம் உண்டு. அதன் பெரும்பகுதி யானைக்கவுனியிலிருந்து நடந்து போகும் தூரத்துக்குள் தொடங்குகிறது.

யானைக்கவுனி, கறுப்பர் நகரத்தின் மதிலில் இருந்த வாயில்களில் ஒன்று. 1758-59இல் லாலியின் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டுத் திரும்பிய பிறகு, கிழக்கிந்தியக் கம்பெனி நகரத்துக்கு மதில் எழுப்பியது. அந்தச் செலவைக் குடிமக்கள் தலையில் வரியாகக் கட்ட நினைத்தது; எதிர்ப்பு வந்ததால் வசூலிக்க முடியவில்லை. வசூலாகாத வரியின் பெயர் மட்டும் வால்டாக்ஸ் சாலையில் நின்றுவிட்டது. மதிலுக்கு மேற்கே கிடந்த நிலத்தில் ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் 1859-60 காலத்தில் மக்கள் பூங்காவை அமைத்தார். நூறு ஏக்கருக்கு மேற்பட்ட அந்தப் பூங்காவைப் பிறகு வந்த கட்டடங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றன: விக்டோரியா பொது மண்டபம், 1900இல் மூர் மார்க்கெட், 1913இல் ரிப்பன் மாளிகை. மிஞ்சிய இடத்தில் தென்னிந்திய அத்லெட்டிக் சங்கத்தின் மைதானம் இருந்தது. ஆண்டுக் கடைசியில் அந்தச் சங்கம் நடத்திய பார்க் ஃபேர் நகரத்தின் பெரிய கேளிக்கைகளில் ஒன்று. மாநகராட்சி ஸ்டேடியம் பின்னால் வந்தது. வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டம் சேர்த்தது அங்கேதான். அதுவே பிற்பாடு நேரு ஸ்டேடியம் ஆனது.

பூங்காவின் இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது வேலி. திறந்த வெளியில் சண்டை நடந்தால் பார்க்கிறவர் காசு கொடுக்கமாட்டார். சுற்றி அடைத்து, ஒரு வாசல் வைத்து, வாசலில் டிக்கெட் கிழித்தால்தான் வசூல் பிறக்கும்; வசூல் பிறந்தால்தான் அதில் ஆடுகிறவனுக்கு எவ்வளவு என்ற பேச்சு வரும். வடசென்னையின் ஏழை இளைஞர்களுக்கு அந்தப் பேச்சு முதலில் வந்தது குத்துச்சண்டையில்.

வெள்ளைக்காரச் சிப்பாய்கள், மாலுமிகள், ஆங்கிலோ இந்தியர்கள் வழியாக ராயபுரம், காசிமேடு, புளியந்தோப்பு, வியாசர்பாடிப் பக்கம் இறங்கிய விளையாட்டு அது. கையுறை மாட்டி ரவுண்டு கணக்கில் ஆடியதால் ஆங்கில குத்துச்சண்டை என்று பேர். சுவரொட்டியில் அதற்கு முன்னால் 'ரோஷமான' என்ற அடைமொழி தவறாமல் இருக்கும். ஆடியவர்களில் பெரும்பாலோர் துறைமுகக் கூலிகள், மீனவர்கள், மில் தொழிலாளிகள். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர், எல்லப்பச் செட்டியார் என்று பரம்பரைகள் இருந்தன. பரம்பரை என்றாலும் ரத்த உறவு அதில் முக்கியம் இல்லை. ஒரு வாத்தியார், அவரிடம் கற்றுக்கொண்டவர்கள், அவர்களிடம் கற்றுக்கொண்டவர்கள் என்று நீளும் வரிசை அது. மூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்துக் கண்ணப்பர் திடலிலும் பூங்கா மைதானங்களிலும் இந்தப் பரம்பரைகள் மோதின.

1940களில் கித்தேரி முத்து, நாட் டெர்ரி என்ற ஆங்கிலோ இந்தியக் குத்துச்சண்டைக்காரரை வீழ்த்தியது வடசென்னையின் தலைமுறை நினைவில் இன்றும் இருக்கிறது. பெரியார் அவருக்குத் 'திராவிட வீரன்' என்று பட்டம் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். முத்துவின் பெயருக்குக் கூட்டம் வந்தது. அந்தப் பெயர் சுவரொட்டியில் தனியாக நிற்காது. பரம்பரையின் பெயரோடுதான் நிற்கும். ஜெயித்தால் பரம்பரை ஜெயித்தது, தோற்றால் பரம்பரை தோற்றது. வீரருக்குப் பேசிய தொகை கிடைத்தது. தெருவில் மரியாதை கிடைத்தது. கட்சி மேடைகளில் மாலை விழுந்தது. பெயரிலிருந்து வருகிற நீண்டகால லாபம் என்று ஒன்று இருந்ததாக யாரும் கணக்குப் பார்க்கவில்லை. 2021இல் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வெளிவந்தபோது பழைய ஆட்டக்காரர்களின் பெயர்கள் பத்திரிகைகளில் மறுபடி அடிபட்டன. பெயருக்கு அந்த மதிப்பு வந்தபோது பெயர்க்காரர்கள் பலர் உயிரோடு இல்லை.

இந்தத் தொழிலை அரசு கட்டுப்படுத்திய விதமும் கவனிக்கத்தக்கது. பொது இடத்தில் கேளிக்கை நடத்தப் போலீஸ் உரிமம் வேண்டும். உரிமம் கொடுப்பதும் மறுப்பதும் கூட்டத்தில் அடிதடி வருமா என்பதைப் பொறுத்தது. பரம்பரைகளின் ஆதரவாளர்கள் மோதிக்கொள்வது பெருகியதும் அனுமதி அருகியது; 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் காசுக்கு ஆடும் பந்தயம் சென்னையில் ஏறக்குறைய நின்றுபோனது. வீரருக்குப் பேசிய தொகை முழுதாகப் போய்ச் சேர்ந்ததா, அடிபட்டால் வைத்தியம் யார் பார்ப்பது என்ற கேள்விகளுக்கு அந்த உரிமத்தில் இடம் இருந்ததில்லை.

அதே பூங்காத் திடலில் 1980இல் முகமது அலி வந்து நின்றார். நேரு ஸ்டேடியத்தில் அவரும் ஜிம்மி எல்லிஸும் மோதியது பட்டத்துக்கான பந்தயம் அல்ல, காட்சிச் சண்டை. ஜெயிப்பதும் தோற்பதும் அங்கே பொருட்டில்லை. அலி என்ற பெயருக்காகவே கூட்டம் வந்தது. பெயர் மட்டுமே விற்பனைப் பொருளாகும் வியாபாரத்தை வடசென்னை பக்கத்திலிருந்து பார்த்தது அன்றைக்குத்தான் என்று சொல்லலாம்.

கண்ணப்பர் திடலில் காசு வாங்குவதில் யாருக்கும் வெட்கம் இல்லை. நகரத்தின் மேற்குப் பக்கம், டென்னிஸ் கோர்ட்டுகளிலும் கல்லூரி மைதானங்களிலும், நிலைமை நேர்மாறு. அங்கே அமெச்சூர் என்பது ஒரு தகுதி. காசுக்கு ஆடுகிறவர் ஒரு படி கீழே. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கனவான்கள் வகுத்த அந்த விதி, சொத்து உள்ளவர்களை மைதானத்தில் வைத்துக்கொண்டு கூலிக்காரர்களை வெளியே நிறுத்தவே பெரிதும் பயன்பட்டது. அதன் கொடூரமான உதாரணம் ஜிம் தோர்ப். அமெரிக்கப் பழங்குடியினருக்கான கார்லைல் பள்ளியில் மாணவராக இருந்தபோது கோடை விடுமுறையில் சொற்பக் காசுக்கு பேஸ்பால் ஆடியவர். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் அவர் வென்ற இரண்டு தங்கப் பதக்கங்களை அதற்காக 1913இல் பிடுங்கிக்கொண்டார்கள். முழு மரியாதையும் திரும்பியது 2022இல். தோர்ப் இறந்து 69 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சென்னையில் இந்த விதியின் எல்லையில் நின்றவர் டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணன். லயோலா கல்லூரி நடத்திய பெர்ட்ரம் போட்டி கல்லூரி மாணவர்களுக்கானது. பள்ளிப் பையனாக இருக்கும்போதே தனி அனுமதி பெற்று அதில் ஆடி வென்றார், பிறகு லயோலாவிலேயே படித்தார். 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டம், 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி. அந்தக் காலத்தில் ஜாக் கிராமர் உலகின் சிறந்த டென்னிஸ் ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்துத் தன் தொழில்முறைக் குழுவுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். கிருஷ்ணனுக்கு அவர் சொன்ன தொகை 1,50,000 டாலர். கிருஷ்ணன் மறுத்தார். ஒப்புக்கொண்டிருந்தால் விம்பிள்டனும் டேவிஸ் கோப்பையும் அவருக்கு மூடியிருக்கும். 1968இல் விம்பிள்டன் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் திறந்துவிடப்பட்டபோது கிருஷ்ணனின் சிறந்த வருஷங்கள் முடிந்துவிட்டன. விதி ஒருவருடைய வாழ்நாளுக்குள் தலைகீழாக மாறும்போது அதற்குக் கட்டுப்பட்டு நடந்தவருக்கு இழப்பீடு என்று எதுவும் இருப்பதில்லை.

அமெச்சூர் விதிக்கும் பசிக்கும் நடுவே வடசென்னை கண்டுபிடித்த சமரசம் உத்தியோகம். பெரம்பூரில் 1870களின் கடைசியில் பக்கிங்காம் மில்லும் அடுத்து கர்னாடிக் மில்லும் வந்தன. துறைமுகம், ரயில்வே பணிமனைகள், 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை, திருவொற்றியூர்–எண்ணூர் வரிசையில் தொழிற்சாலைகள் என்று அடுத்த எண்பது வருஷத்தில் வேலையிடங்கள் பெருகின. கூடவே அணிகளும். சென்னைக் கால்பந்து லீகின் பட்டியலைப் பார்த்தால் ஊர்ப் பெயர்களைவிட அலுவலகப் பெயர்கள் அதிகம்: ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, துறைமுகப் பொறுப்புக் கழகம், ரிசர்வ் வங்கி, சுங்கத்துறை, இந்தியன் வங்கி. இந்தியன் வங்கி தேசியக் கால்பந்து லீக் வரை போனது. கிரிக்கெட்டில் சன்மார் குழுமத்தின் ஜாலி ரோவர்ஸ் போன்ற கம்பெனி அணிகள் கல்லூரியில் ஆடுகிற பையன்களுக்கு வலைவீசின.

வீரர் விளம்பரத்துக்கு முகம் கொடுத்துக் கம்பெனியிடம் காசு வாங்குவது அமெரிக்க வழி. இங்கே வீரர் கம்பெனியின் பெயரை முதுகில் போட்டுக்கொண்டு ஆடினார். கம்பெனி அவருக்கு மாதச் சம்பளம் கொடுத்தது. நடப்பது விளம்பரம்தான் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் பெயர்ப் பதிவேட்டில் அவர் கிளார்க், ஃபிட்டர், டிக்கெட் பரிசோதகர். காலை ஒரு மணி நேரம் கையெழுத்து, மீதி நேரம் பயிற்சி. அமெச்சூர் விதி மீறப்படவில்லை, அடுப்பும் எரிந்தது. ஐம்பது வயதில் முழங்கால் போனாலும் ஓய்வூதியம் உண்டு. உத்தியோகத்தின் இந்த ஒரு பலத்தை எந்த விளம்பர ஒப்பந்தமும் தந்ததில்லை. வடசென்னைப் பெற்றோர்கள் விளம்பரத்தைவிட ரயில்வே வேலையை விரும்பியதற்கு நியாயம் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு விதிகள் உண்டு, அவை நுணுக்கமானவை. ரயில்வேயின் விளையாட்டு நிர்வாக அமைப்பு 1928இலேயே தொடங்கியது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும்போது ரயில்வே நூறு மதிப்பெண்ணைப் பிரிக்கும் முறையைப் பார்த்தால் ஒரு வீரரின் பெயர் எப்படி எடைபோடப்படுகிறது என்பது விளங்கும்: சோதனை ஆட்டத்தில் திறனுக்கும் உடற்தகுதிக்கும் 40, அங்கீகரிக்கப்பட்ட சாதனைக்கு 50, படிப்புக்கு 10. சாதனைகள் தரவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒலிம்பிக் உச்சி, அதற்குக் கீழே உலகப் போட்டிகள், ஆசியப் போட்டி, அதற்கும் கீழே தேசியப் போட்டிகள். கீழ்ப்படிகளில் அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் முதல் மூன்று இடமும் செல்லும். கல்லூரி மாணவருக்கு இந்த ஒரு வரிதான் பொன். அண்ணா பல்கலைக்கழகத்துக்கோ சென்னைப் பல்கலைக்கழகத்துக்கோ ஆடி வாங்கிய வெண்கலப் பதக்கம் மேஜை அலங்காரம் அல்ல, உத்தியோகச் சீட்டு. அந்தச் சான்றிதழின் லேமினேஷன் மேல் படும் கைரேகைகளைப் பெற்றோர் துடைத்து வைக்கிற வீடுகள் வியாசர்பாடியில் உண்டு. மாணவர் கல்லூரிக்காக ஆடும் ஆட்டத்துக்கான கூலி இப்படித் தள்ளிவைத்துக் கொடுக்கப்படுகிறது. கொடுப்பது கல்லூரி அல்ல, அரசு.

பல்கலைக்கழகங்கள் தங்கள் பக்கத்து வேலியைத் தனியாகப் போட்டன. இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு 1925இல் இன்டர் யுனிவர்சிட்டி போர்டாகத் தொடங்கியது. அதன் விதிப்படி முழுநேர வேலையில் இருக்கும் மாணவர் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆட முடியாது. வயதும் 25ஐத் தாண்டக் கூடாது. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவருக்குத் தெற்கு ரயில்வேயில் வேலை கிடைத்தால் கல்லூரி ஜெர்சியைக் கழற்ற வேண்டும். உத்தியோகத்துக்குப் போனவருக்கு அடுத்த சட்டம் காத்திருக்கிறது: 1966ஆம் ஆண்டின் ரயில்வே ஊழியர் நடத்தை விதிகள். முன் அனுமதி இல்லாமல் ஊழியர் விளையாடலாம், ஆனால் அமெச்சூராக. ஒலிம்பிக்கே 1970களில் கைகழுவத் தொடங்கிய ஓர் ஏற்பாடு இந்திய அலுவலக விதியில் இன்னும் குடியிருக்கிறது. காசு வாங்கி விளம்பரத்தில் தோன்ற வேண்டுமானால் மேலதிகாரியின் அனுமதி வேண்டும்.

இந்த இரண்டு விதிகளுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. இரண்டும் கேட்பது, நீ மாணவனா ஊழியனா, அமெச்சூரா தொழில்முறையா என்பதைத்தான். உன் பெயரை யார் பயன்படுத்துகிறார், அதற்கு உன்னிடம் கேட்டாரா என்று இரண்டும் கேட்பதில்லை. குத்துச்சண்டை உரிமக் காலத்திலிருந்து மாறாமல் வருகிற மௌனம் இது.

பெயரை விளம்பரத்துக்கு விற்பது இந்தியாவில் கிரிக்கெட்டில் தொடங்கியது. சி.கே. நாயுடு 1941இல் பாத்கேட் லிவர் டானிக் விளம்பரத்தில் தோன்றினார். அதிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தக் காசு உச்சியில் இருந்த சிலருக்கே. கேரமில் உலகச் சாம்பியனாகி 1996இல் அர்ஜுனா விருது வாங்கிய சென்னையின் மரிய இருதயத்தையோ, 2008 உலகச் சாம்பியன் வியாசர்பாடி இளவழகியையோ எந்தச் சோப்புக் கம்பெனியும் தேடி வரவில்லை. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற வடசென்னைப் பெண் காசிமாவுக்குத் தமிழ்நாடு அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. பாராட்ட வேண்டிய தொகை. ஆனால் அது பரிசு. முதலமைச்சரோ துணை முதலமைச்சரோ மனம் வைத்துக் கொடுப்பது. ஒப்பந்தம் என்றால் கேட்டு வாங்கும் உரிமை இருக்கும்.

கல்லூரி வயதுப் பையன்களின் விலையைக் கட்டுப்படுத்த இந்தியாவில் நடந்த வெளிப்படையான சோதனை ஐ.பி.எல். 2008இல் அது தொடங்கிய பிறகு, நாட்டுக்காக ஆடாத இந்திய வீரர்களை ஏலத்தில் விடாமல் நிலையான ஊதியத்தில் எடுக்க வேண்டும் என்று விதித்தார்கள். 10, 20, 30 லட்சம் என்று அனுபவத்துக்கேற்ற படிகள். சந்தையில் இரண்டு கோடி பெறுகிறவனுக்கு 20 லட்சம் என்று நிர்ணயித்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. 2010இல் வேறு அணியோடு தனியாகப் பேரம் பேசியதற்காக ரவீந்திர ஜடேஜா அந்த ஆண்டு முழுவதும் தடைசெய்யப்பட்டார். 2011இல் மணீஷ் பாண்டேவுக்கு நான்கு ஆட்டத் தடை. தண்டனை பையன்களுக்கு. 2014இல் அவர்களையும் ஏலத்துக்கு விட்டதும் அந்த வகைக் குற்றமே காணாமல் போனது. விலைக்கு உச்சவரம்பு வைப்பவர்கள் படிக்க வேண்டிய பாடத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

அமெரிக்காவின் கதை இதே பாடத்தை நூறு வருஷத்துக்கு நீட்டியது. 1906இல் உருவாகி 1910இல் இப்போதைய பெயரைப் பெற்ற என்.சி.ஏ.ஏ. என்ற சங்கம், கல்லூரி வீரருக்குக் கல்வி உதவித்தொகை தவிர ஒரு காசும் கூடாது என்று பிடிவாதமாக இருந்தது. பயிற்றுநர்கள் பல லட்சம் டாலர் வாங்கினார்கள். தொலைக்காட்சி உரிமம் கோடிகளில் விற்றது. வீடியோ விளையாட்டு ஒன்றில் தன் உருவம் தன்னைக் கேட்காமல் பயன்படுத்தப்பட்டதைக் கண்ட கூடைப்பந்து வீரர் எட் ஓபானன் 2009இல் வழக்குப் போட்டார். 2019இல் கலிபோர்னியா மாநிலம் மாணவர்கள் தங்கள் பெயருக்குக் காசு வாங்கலாம் என்று சட்டம் இயற்றியது. 2021 ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்புக் கொடுத்தார்கள். ஜூலை 1 முதல் சங்கம் கதவைத் திறந்தது.

கட்டுப்பாடு இல்லாமல் திறந்த கதவு. பழைய மாணவர்களும் பணக்கார ரசிகர்களும் கூட்டாகப் பணம் திரட்டி, விளம்பரம் என்ற பெயரில் வீரர்களை இந்தக் கல்லூரியிலிருந்து அந்தக் கல்லூரிக்கு இழுத்தார்கள். 2025 ஜூன் 6 அன்று ஏற்கப்பட்ட ஹவுஸ் வழக்குச் சமரசம் இதற்குக் கரை கட்டப் பார்க்கிறது. கல்லூரியே தன் வீரர்களோடு வருமானத்தைப் பகிரலாம், முதல் ஆண்டில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. முன்னாள் வீரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் நிலுவை. 600 டாலரும் அதற்கு மேலும் போகும் வெளி ஒப்பந்தங்களை ஒரு பொது அலுவலகத்தில் பதிய வேண்டும். உண்மையில் ஒரு பொருளை விற்கத்தான் இந்தக் காசா, தொகை சந்தைக்கு ஒத்ததா என்று அங்கே பார்ப்பார்கள். முழுத் திட்டத்திலும் இந்தப் பதிவேடுதான் உருப்படியான யோசனை. உச்சவரம்பு மறுபடி வழக்கில் போய் முடியும்.

அங்கே படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு இந்தக் கதவு பாதிதான் திறந்தது. மதுரைக்காரர் தக்ஷிணேஸ்வர் சுரேஷ் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு டென்னிஸ் ஆடியவர்; அந்த அணி 2025இல் தேசியப் பட்டம் வென்றது. மாணவர் விசாவில் இருக்கும் வெளிநாட்டவர் கல்லூரிக்கு வெளியே வேலை பார்க்கக் கட்டுப்பாடு உண்டு. விளம்பரப் படப்பிடிப்பு வேலையாகிவிட்டால் விசாவுக்கே ஆபத்து. பக்கத்து அறை அமெரிக்க மாணவருக்குக் கிடைக்கும் ஒப்பந்தத்தை இவர் தொட யோசிக்க வேண்டும்.

இந்தியாவில் கல்லூரி வீரருக்கு இன்று கிடைப்பது பெரும்பாலும் பொருளாக. தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் விளையாட்டுக்கு 500 இடங்கள்; தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணம், விடுதி, சாப்பாடு, ஷூ. கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வானவருக்கு ஆண்டுக்கு 6.28 லட்சம் ஒதுக்குகிறார்கள். அதில் கைச்செலவுக்கு மாதம் 10,000, மீதி பயிற்சிக்கும் தங்குவதற்கும். மாநில அரசு 1992இல் அமைத்த விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தன் சிறப்புத் திட்டங்களில் சிலருக்கு இதைவிட அதிகம் செலவிடுகிறது.

கல்லூரி இந்தச் செலவை ஏன் செய்கிறது என்பதற்கு விடை சேர்க்கைக் காலத்து விளம்பரப் பலகைகளில் இருக்கிறது. பஞ்சாபின் லவ்லி பல்கலைக்கழகம் 2021 ஒலிம்பிக் முடிந்ததும் தன் மாணவரான நீரஜ் சோப்ராவுக்கு 50 லட்சம் அறிவித்தது. ஒலிம்பிக் வீரர்களின் படங்கள் அதன் விளம்பரங்களில் நிறைந்தன. நீரஜுக்குப் பேரம் பேச ஆட்கள் உண்டு. பி.வி. சிந்து 2021இலும் மனு பாக்கர் 2024இலும் பதக்கம் வென்றபோது, அனுமதி இல்லாமல் வாழ்த்துப் போஸ்டர் போட்ட பல நிறுவனங்களுக்கு அவர்களின் முகவர்கள் நோட்டீஸ் அனுப்பினார்கள். மண்டல அளவில் கோப்பை வாங்கிய முதலாண்டு கைப்பந்து மாணவிக்கு முகவர் கிடையாது. அவர் படம் பிரசுரத்தில் வந்தால் குடும்பம் அதைப் பெருமையாக ஃபிரேம் போட்டு மாட்டும். அந்தப் படம் கல்லூரிக்கு எத்தனை சேர்க்கையைக் கொண்டுவந்தது என்று கேட்கத் தோன்றாது. கேட்டால் சீட்டு இலவசம் என்பதை நினைவூட்டுவார்கள்.

இங்கே பொருந்தும் சட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவரின் ஒப்பந்தம் செல்லாது. 1903இல் பிரிவி கவுன்சில் மோஹோரி பீபி வழக்கில் இதை உறுதி செய்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு கல்லூரி சேரும் பதினேழு வயது வீரர் கையெழுத்திட்ட விளம்பரத்தாளுக்கு மதிப்பு இல்லை என்று அர்த்தம். கல்வி உதவித்தொகைக்கு வருமான வரி கிடையாது. விளம்பரக் கூலிக்கு உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொய் விளம்பரத்தில் தோன்றியவருக்கு 10 லட்சம் வரை அபராதமும் ஓராண்டு விளம்பரத் தடையும் விதிக்கலாம். 2025 ஆகஸ்டில் வந்த இணைய விளையாட்டுச் சட்டம் காசு வைத்து ஆடும் செயலிகளுக்கு விளம்பரம் செய்வதையே குற்றமாக்கியது. இளம் வீரர்களின் கையில் அதுவரை அதிகக் காசு வைத்த விளம்பரதாரர்களில் அந்தச் செயலிகளும் அடக்கம். பொறுப்பு, அபராதம், வரி என்று பார்த்தால் மாணவர் முழுதாக வளர்ந்த வியாபாரியாக நடத்தப்படுகிறார்.

உரிமை என்று வரும்போது சட்டம் மெலிகிறது. பெயர் ஒருவருடைய சொத்து என்பதை யானைக்கவுனிக்குப் பக்கத்து உயர் நீதிமன்றம் 2015இல் ஏற்றது. ரஜினிகாந்த் தன் பெயரை ஓர் இந்திப் படம் பயன்படுத்தியதை எதிர்த்துப் போட்ட வழக்கு அது. ஆனால் அந்தப் பாதுகாப்பு பிரபலமானவருக்கு. பெயரைக் கேட்டதும் ஆளை அடையாளம் தெரிய வேண்டும். மண்டலக் கோப்பை வென்ற மாணவி அந்தச் சோதனையில் தேறுவாரா என்பதே சந்தேகம். தேறினாலும் வழக்குச் செலவுக்கு அவரிடம் பணம் இருக்காது.

நெருங்கி வந்த ஒரே விதி வேறு துறைக்கானது. போட்டித் தேர்வில் வென்றவர்களின் படங்களைப் பயிற்சி மையங்கள் தாறுமாறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தேர்வில் வென்ற பிறகு அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். சேரும்போதே வாங்கிய கையெழுத்து செல்லாது. சேர்க்கைப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து வாங்கும் பழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து கிடையாது. இந்த ஒரு பத்தியைக் கல்லூரி விளையாட்டுக்கு நீட்டி, சம்மதத்தோடு தொகையையும் எழுதச் செய்து, அந்தத் தாளைப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் தகுதிப் படிவத்தோடு பதிவேட்டில் சேர்க்கச் சொன்னால், பெரிய சட்டம் இல்லாமலே பாதி வேலை முடியும். அடிபட்டு ஆட முடியாமல் போனால் உதவித்தொகையை நிறுத்தக் கூடாது என்ற விதி மீதிப் பாதி. அந்த நெறிகளில் பயிற்சி என்றால் என்ன என்று வரையறுக்கும் பிரிவு, அதில் அடங்காதவற்றையும் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. நடனமும் நாடகமும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, விளையாட்டும் இருக்கிறது.